கௌரிதாசரின் துடுப்பு: அம்பிகா கால்னாவில் இரண்டு நாள்

கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. குளிர்காலம் வந்தால் அம்மாவும் வந்து ஒரு மாதம் என்னோடு இருப்பாள். காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம் எல்லாம் முதல் இரண்டு வருடத்திலேயே பார்த்தாயிற்று. இந்த ஜனவரியில், "கூட்டமில்லாத ஊரா, ஆத்தங்கரையா ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போடி, ரெண்டு நாள் சும்மா உக்காந்துட்டு வருவோம்" என்றாள். அம்மாவுக்கு ஊர் ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணியைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு ஆறு இல்லாத ஊர் ஊராகவே தெரியாது. அதனால் அம்பிகா கால்னாவுக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். கோயில் தரிசனத்துக்கு என்று கிளம்பவில்லை, ஓய்வுக்குத்தான் போனோம். ஆனால் திரும்பி வந்தது ஒரு யாத்திரையிலிருந்து.

ஹவுராவில் கட்வா லோக்கல் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம், 80 கிலோமீட்டர் சொச்சம். பண்டேல் தாண்டியதும் ரயிலில் நெரிசல் குறைந்துவிட்டது, ஜன்னலோரம் இடம் கிடைத்தது, காரப்பொரி விற்கிற ஜால்முரிக்காரர் கடுகெண்ணெய் வாசத்தோடு வந்து போனார். வழியில் பலாகட் என்ற ஊர் வரும். தலைமுறை தலைமுறையாக மரப்படகு செய்கிறவர்களின் ஊர் அது. அம்மாவிடம் சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன். படகும் துடுப்பும் அந்த இரண்டு நாளும் எங்களோடு கூடவே வரப்போகின்றன என்று அப்போது எனக்குத் தெரியாது.

பூர்வ பர்த்வான் மாவட்டத்தில், பாகீரதியின் மேற்குக் கரையில் இருக்கிறது கால்னா. ஹூக்ளி என்று நாம் சொல்லும் அதே கங்கைதான், இங்கே பாகீரதி. ஸ்டேஷன் வாசலில் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாக்கள் நிற்கும். ஓட்டுபவர் அம்மாவை "மாஷிமா" என்று கூப்பிட்டு, அவள் பையைத் தானே வாங்கி வைத்துக்கொண்டார். மாஷிமா என்றால் பெரியம்மா, சித்தி மாதிரி ஒரு சொல். அந்த ஒரு சொல்லிலேயே அம்மாவுக்கு ஊர் பிடித்துவிட்டது. தங்கிய விடுதியில் குழாயில் வெந்நீர் வரவில்லை, வாளியில் கொண்டுவந்து கொடுத்தார்கள், அது போதுமாயிருந்தது.

முதலில் 108 சிவன் கோயில். உள்ளூரில் நவ கைலாசம் என்கிறார்கள். பர்த்வான் மகாராஜா தேஜ்சந்திரர் 1809-ல் கட்டியது. ஒரே மாதிரியான சின்னச் சின்னக் கோயில்கள், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம். வெளி வட்டத்தில் 74, உள் வட்டத்தில் 34. வெளி வட்டத்தில் ஒரு லிங்கம் கறுப்பு, அடுத்தது வெள்ளை, அடுத்தது கறுப்பு என்று மாறி மாறி வரும். உள் வட்டத்துக்கு வந்துவிட்டால் எல்லாமே வெள்ளை. கோர்த்த ஜபமாலையைத் தரையில் வைத்தது போல இருக்கிறது, நடக்கிறவர்தான் விரல். கறுப்பும் வெள்ளையும் எதைக் குறிக்கிறது என்று ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வெளி வட்டத்தைச் சுற்றும்போது கண் மாறி மாறி அலைந்துகொண்டே இருந்தது, உள்ளே வந்ததும் தானாக அடங்கியது. உடம்புக்கே தெரிகிற விஷயம் அது.

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. பாதியில் உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவள் ஒவ்வொரு வாசலிலும் ஒரு நொடி நின்று, "நமசிவாய" சொல்லி, எண்ணிக்கை விடாமல் 108-ம் முடித்தாள். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இடையில் நான் பேச்சுக் கொடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள், எண்ணிக்கை போய்விடுமாம்.

எதிரே சாலையைத் தாண்டினால் ராஜ்பாரி, அதாவது அரண்மனை வளாகம். அங்கே மதியம் வரை இருந்தோம். நம் பக்கத்துக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வங்கக் கோயில் முதலில் கோயிலாகவே தெரியாது. கருங்கல் இல்லை, ராஜகோபுரம் இல்லை. இந்த மண்ணில் கல் கிடையாது, நதி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் எல்லாம். அந்த வண்டலையே செங்கல்லாகச் சுட்டு, சிற்பமாகவும் சுட்டுக் கோயில் கட்டினார்கள். மூங்கில் வளைத்துப் போட்ட கூரை வீட்டின் வடிவம்தான் பல கோயில்களின் மேற்கூரை வடிவமும். தான் குடியிருந்த குடிசையின் வடிவத்தையே சாமிக்கும் கொடுத்திருக்கிறான் இந்த ஊர்க்காரன். அதை நினைக்கும்போது எனக்கு மனசு நிறைந்துபோனது.

வளாகத்தில் 1849-ல் கட்டிய பிரதாபேஸ்வரர் கோயில் இருக்கிறது. அளவில் சின்னதுதான், ஆனால் அடியிலிருந்து உச்சி வரை சுடுமண் சிற்பம், விரலளவு இடம்கூட வெறுமையாக விடவில்லை. ராமர் பட்டாபிஷேகம், துர்க்கை, ராதா கிருஷ்ணர், கையைத் தூக்கி ஆடுகிற கீர்த்தனக் கூட்டம். கொஞ்சம் தள்ளி 1739-ல் கட்டிய லால்ஜி கோயிலும், அதற்குச் சில ஆண்டுகள் பிந்திய கிருஷ்ணசந்திரர் கோயிலும். இரண்டுக்கும் 25 சிகரம். முதல் அடுக்கில் 12, அதற்கு மேல் 8, அதற்கும் மேல் 4, உச்சியில் 1. வங்கத்திலேயே இப்படிப்பட்ட கோயில்கள் 5தான் மிஞ்சியிருக்கின்றன, அதில் 3 இந்தச் சின்ன ஊரில். மூன்றாவது கோபால்பாரி, ஊருக்குள் கொஞ்சம் தூரத்தில்.

ஊருக்குப் பெயர் கொடுத்த அம்பிகை சித்தேஸ்வரி காளியாக வேப்பமரத் திருமேனியில் இருக்கிறாள். இரண்டு குடிசையை ஒட்டி வைத்த மாதிரி கூரை. அம்மா அங்கே ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நானும் கேட்கவில்லை.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கால்னாவில் மகாபிரபு பாரி என்று ஒரு கோயில். கௌரிதாச பண்டிதர் என்பவர் வங்கத்து வைஷ்ணவ மகான் சைதன்ய மகாபிரபுவின் நெருங்கிய அடியார், அவருடைய இடம். நாங்கள் முதலில் போனபோது மதியத்துக்கு நடை சாத்திவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பழைய புளியமரம் இருக்கிறது, அதன் அடியில்தான் சைதன்யரும் கௌரிதாசரும் சந்தித்தார்கள் என்பது ஐதீகம். நடை திறக்கும் வரை அங்கே போய் உட்கார்ந்தோம். அம்மா மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம உறங்காப்புளி மாதிரில்லா இருக்கு" என்றாள். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் அமர்ந்திருந்த புளியமரம் அவளுக்குச் சின்ன வயசிலிருந்து பழக்கம், வீட்டிலிருந்து போய்வருகிற தூரம்தான்.

அப்போதுதான் அம்மாவிடம் சொன்னேன். சைதன்யர் பிறந்தது 1486-ல், இதே ரயில் பாதையில் மேலே இருக்கிற நவத்வீபத்தில். 1510-ல் கட்வாவில் சந்நியாசம் வாங்கினார். அப்புறம் தெற்கே நடந்து போனார். ஸ்ரீரங்கத்தில் வேங்கட பட்டர் என்பவர் வீட்டில் சாதுர்மாஸ்யம் என்கிற மழைக்கால விரதத்தின் நாலு மாதமும் தங்கினார். அந்த வீட்டுப் பிள்ளை கோபால பட்டர்தான் பின்னால் பிருந்தாவனம் போய், சைதன்யர் வழி ஆசாரியர்களான ஆறு கோஸ்வாமிகளில் ஒருவர் ஆனார். இன்னும் தெற்கே போய், தாமிரபரணியில் குளித்து, கரையிலிருக்கிற நவதிருப்பதியையும் ஸ்ரீவைகுண்டத்தையும் சேவித்தார் என்று அவருடைய பழைய வங்காள வாழ்க்கை வரலாறு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப இவரு நம்ம ஆத்துல குளிச்சவரா" என்றாள். கேள்வி போல இருந்தது, ஆனால் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

அந்தத் துடுப்பின் கதை இதுதான். ஒரு நாள் சைதன்யர் அக்கரையிலிருந்து, சாந்திபூர்ப் பக்கத்திலிருந்து, தானே படகு வலித்துக்கொண்டு கால்னாவுக்கு வந்தார். கரையேறிய பிறகு கையிலிருந்த துடுப்பை கௌரிதாசரிடம் கொடுத்து, இதை வைத்து ஜீவர்களைக் கரை சேர்த்துவிடு என்றாராம். மந்திரமோ பாதுகையோ கொடுக்கவில்லை, ஈரம் காயாத துடுப்பு. 500 வருடத்துக்கு முந்திய அந்தத் துடுப்பையும், மகாபிரபு கைப்பட எழுதியது என்று போற்றும் கீதைச் சுவடியையும் இந்தக் கோயிலில் காத்து வருகிறார்கள். எத்தனையோ கோயிலில் திருவாபரணம் பார்த்திருக்கிறேன், வைரக் கிரீடம் பார்த்திருக்கிறேன். ஒரு மரத்துடுப்பைப் பொக்கிஷமாக வைத்திருக்கிற சந்நிதியை இங்கேதான் அறிந்தேன்.

சாயங்காலம் நடை திறந்தார்கள். உள்ளே வேப்பமரத்தில் செய்த கௌர் – நிதாய், அதாவது சைதன்யரும் அவருடைய நெருங்கிய துணைவர் நித்யானந்தரும். இங்கே தரிசனமே வேறு மாதிரி. கதவு ஒரு கணம் திறக்கும், மூடிவிடும். மறுபடி ஒரு கணம். அதற்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று கௌரிதாசர் அழுதாராம், அதற்காகத்தான் இந்தத் திருமேனிகள் உருவாயின. அப்போது நேரில் வந்த இருவரும் திருமேனிகள் இரண்டும் சேர்ந்து நாலு பேராக நிற்க, நாலு பேருக்கும் அவர் சோறு பரிமாற, நாலு பேரும் சாப்பிட, யார் ஆள் யார் மரம் என்று அவருக்கே தெரியாமல் போயிற்று. இருங்கள் என்று அவர் கைபிடித்த இருவர் தங்க, மற்ற இருவரும் நடந்து போய்விட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் இன்னொரு பக்தரின் அன்பில் மயங்கிக் கிளம்பிவிடக் கூடாதே என்றுதான் யாரையும் நெடுநேரம் பார்க்க விடுவதில்லையாம். பிருந்தாவனத்தில் பாங்கே பிஹாரி சந்நிதியில் திரையை இழுத்து இழுத்து மூடுவதும் இதே பயத்தில்தான்.

முதல் தடவை கதவு திறந்தபோது நான் கண்களை மட்டும் பார்த்தேன். இரண்டாவது தடவை உயர்த்திய கை. மூன்றாவது தடவை எதையும் பார்க்கவில்லை, பார்த்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. திருப்பதியில் நெரிசலில் தள்ளப்பட்டு ஒரு நொடி சேவிக்கும்போது இன்னும் கொஞ்சம் நிற்க விடமாட்டார்களா என்று ஏங்குவேன். இங்கே தள்ள ஆளே இல்லை, எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர்தான். அந்த ஒரு நொடிக்கு அர்த்தமே மாறிவிட்டது. நம்மை விரட்டுகிற நொடி இல்லை, அவரைப் போக விடாமல் பிடித்து வைத்திருக்கிற நொடி.

துடுப்பைச் சேவிக்கும் பாக்கியம் அன்று எங்களுக்கு வாய்க்கவில்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அம்மா வாசல்படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "உள்ள இருக்கில்லா, அது போதும்" என்று நடந்தாள்.

இந்த ஊரில் பகவான் தாஸ் பாபாஜியின் ஆசிரமமும் இருக்கிறது, நாம பிரம்மம் என்பார்கள். 1870-ல் ஸ்ரீராமகிருஷ்ணர், தன்னை ஆதரித்த மதுர்பாபுவோடும் மருமகன் ஹிருதயரோடும் படகில் வந்து இறங்கி இந்த முதிய வைஷ்ணவரைப் பார்க்க வந்தார். உடம்பைப் போர்வையால் மூடிக்கொண்டு ஓரமாய் உட்கார்ந்தார். பாபாஜி அப்போது தவறு செய்த ஒரு சாதுவின் மாலையைப் பறித்துத் துரத்த வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். உங்களுக்கு ஜபமாலை இன்னும் எதற்கு என்று ஹிருதயர் கேட்டதற்கு, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் என்றார். உடனே ராமகிருஷ்ணர் எழுந்து, நீரா துரத்துவது, நீரா கற்பிப்பது, இன்னும் அந்த 'நான்' போகவில்லையா என்று கேட்டுவிட்டார். ஊரே வணங்குகிற கிழவர் அவர். கோபப்படவில்லை, கேட்டுத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். கேட்டவரைவிட ஏற்றுக்கொண்டவர் மேல்தான் எனக்கு அன்று மனசு போயிற்று. அங்கே கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம்.

சாப்பாடு பற்றி இரண்டு வரி. காலையில் பூரி மாதிரி லூச்சியும் கடலைப்பருப்பும், மண் குவளையில் டீ. கால்னாவுக்கென்று பெயர் பெற்றது மாகா சந்தேஷ், பால் திரட்டை அச்சில் போடாமல் பிசைந்தே தருவது. குளிர்காலத்துக் கருப்பட்டி வாசத்தோடு கிடைத்தது. இங்கே ஈச்சம்பதநீரில் காய்ச்சுகிற கருப்பட்டி, நம்முடையது பனை. அம்மா முகர்ந்து பார்த்ததுமே கருப்பட்டி என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாம் நாள் காலை படகுத்துறைக்குப் போனோம். கால்னாவுக்கும் அக்கரையில் இருக்கிற நரசிங்கபூர் துறைக்கும் படகு ஓடுகிறது, அங்கிருந்து சாந்திபூர் போகலாம். இப்போது மோட்டார் படகு. சைக்கிள், பைக், சேலை மூட்டை, காய்கறிக் கூடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக ஏறினோம். அக்கரை தெரியாத பனி. நடு ஆற்றுக்கு வந்ததும் கிளம்பின கரையும் மறைந்துவிட்டது, மோட்டார் சத்தமும் தண்ணீரும் மட்டும். ஒரு மனிதர் தனியாகத் துடுப்பு வலித்துக்கொண்டு இதே தண்ணீரில் இந்தக் கரையை நோக்கி வந்தார் என்பதை அப்போதுதான் நான் முழுதாக நம்பினேன்.

அம்மா குனிந்து கையில் தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள், எனக்கும் தெளித்தாள். பக்கத்தில் சேலை மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் சிரித்தபடி, "மாஷிமா, பாடி கோதாய்?" என்றார். வீடு எங்கே என்று கேட்கிறார் என்று நான் மொழிபெயர்க்க வாயெடுக்கும் முன்பே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"தாமிரபரணி" என்றாள்.

அவர் அதை ஏதோ ஒரு ஊரின் பெயராக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். படகு துறையில் தட்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை, திரும்பிப் போகவும் காசு கொடுத்துவிட்டு அதே பலகையில் உட்கார்ந்திருந்தோம்.