கோரையாற்றோடு முத்துப்பேட்டைக் கழிக்கு

முத்துப்பேட்டைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நேரே ஜாம்பவானோடைப் படகுத்துறைக்குப் போய்ப் படகேறி, அலையாத்திக் காட்டைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊர் சுற்றிப் பார்க்க அது போதும். காட்டை எப்படி மீட்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், தண்ணீர் வருகிற வழியிலேயே வர வேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கமிருந்து வந்து, கடைமடை வயல்களையும் கோரையாற்றின் கடைசி சட்ரஸையும் (ஷட்டர் வைத்த தடுப்பு மதகு) பார்த்துவிட்டு அப்புறம் படகேறுங்கள்.

மேட்டூரில் ஜூன் 12 அன்று அணையைத் திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர்வது மிச்சம்தான். கழிக்கு, அதாவது ஆறு கடலில் சேருமிடத்து உப்பங்கழிக்கு, நல்ல தண்ணீர் நிறைய வருவது ஐப்பசி, கார்த்திகை மழையில். அந்தத் தண்ணீர் சம்பா வயல்களைக் கழுவிக்கொண்டு வருகிறது. மேலுரம் (பயிர் வளரும்போது போடும் உரம்) போட்ட மறுநாளே வடிகாலைத் திறந்துவிட்டால் போட்ட யூரியாவில் ஒரு பங்கு கழிக்குத்தான் போகும். அங்கே பாசிக்கு விருந்து. மழை வரும் நாளில் மேலுரத்தைத் தள்ளிப்போடுவது, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பயிர் கேட்கும் அளவுக்கு மட்டும் போடுவது, போட்டபின் சில நாள் வடிகாலை அடைத்துவைப்பது ஆகிய மூன்றும் உழவருக்கே பணம் மிச்சமாகும் காரியங்கள். கழியைக் காப்பதற்கென்று தனியாகப் பிரசங்கம் தேவையில்லை.

சட்ரஸுக்கு மேற்புறம் ஆகாயத்தாமரை, கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு. ஆகாயத்தாமரையை மழைக்கு முன், புரட்டாசிக்குள், கரையேற்றிக் குவித்துவிட வேண்டும். சோம்பல்பட்டு வெள்ளத்தோடு ஷட்டரைத் தூக்கித் தள்ளிவிட்டால், உப்புத்தண்ணீர் பட்டதும் செத்து அடியில் மக்கும். மக்கும்போது தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆக்சிஜனை எப்போது அளக்கிறோம் என்பது முக்கியம். மதியம் அளந்தால் பாசியின் புண்ணியத்தில் நல்ல கணக்கு காட்டும். விடிவதற்கு முன் அளந்ததுதான் மீனுக்கு நிஜமான கணக்கு.

படகு கோரையாற்றில் இறங்கியதும் இருகரையும் அடர்ந்த அலையாத்தி. மூச்சுவேர்கள் சேற்றில் பென்சில் நட்டதுபோல் நிற்கும். இந்தப் பச்சையைப் பார்த்து ஏமாறக்கூடாது. பல இடங்களில் இது ஓரத்து வரிசைதான். ஒரு சின்ன வாய்க்காலில் திரும்பி உள்ளே போனால் பொட்டல். வெள்ளையாய் உப்புப் பூத்த தரை, அங்கங்கே உமிரிச் செடி மட்டும்.

பொட்டலானதன் காரணம் பழையது. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை காட்டைப் பட்டி பட்டியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில் பட்ட களிமண் காய்ந்து தாழ்ந்து தாம்பாளம்போல் குழிந்தது. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் (கடல்மட்டம் உயரும்போது) ஏறிய கடல்நீர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே வற்றி, உப்பை விட்டுப்போனது. விதை வந்து விழுந்தாலும் முளைத்து நிலைக்காது. இந்த இடத்தில் கன்று கொண்டுவந்து நடுவது வீண்செலவு. முதலில் தண்ணீர் வந்துபோக வழி வெட்ட வேண்டும்.

வெட்டுவதற்கு முன் உப்பைப் பாருங்கள். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, ஊறிவரும் தண்ணீரில் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கைக்கருவி) விட்டால் போதும். கடல்நீர் ஆயிரத்துக்கு 35 அளவில் காட்டும். பொட்டல் அதைத் தாண்டியிருக்கும். வாலைவடிநீரால் கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே படிக்க வேண்டும்.

அடுத்தது மட்டம். இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் ஒரு சாண் மட்டம் தவறினால் முழு வாய்க்காலும் பாழ். கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயே போதும்; குழாய்க்குள் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி. இயற்கையான ஓடையின் அடியைவிடப் புது வாய்க்காலின் அடி தாழ்ந்துபோனால் தண்ணீர் உள்ளே தேங்கும். உயர்ந்துபோனால் உள்ளேயே வராது.

வெட்டும் முறை மீன்முள் போன்றது. ஓடையிலிருந்து சாய்கோணத்தில் ஒரு தாய் வாய்க்கால், அதன் இருபுறமும் முட்களாய்க் கிளைகள். செங்கோணத்தில் வெட்டினால் சேரும் இடத்தில் வண்டல் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தாய் வாய்க்காலுக்கு மேலகலம் 3 மீட்டர், அடியகலம் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர் என்று வைத்தால் கரை சரியாமல் நிற்கும். கிளைகள் அதைவிடச் சிறியவை. வேலை மண்வெட்டியால்தான், இயந்திரம் இந்தச் சேற்றில் இறங்கினால் அதையே மீட்க வேண்டிவரும். தோண்டிய மண்ணைக் கரையோரம் தொடர்ந்து குவித்தால் அது வரப்பாகி, பொட்டலின் நீர் வாய்க்காலுக்குள் வடியாது. இடைவெளி விட்டுத் தள்ளிக் கொட்ட வேண்டும். அதிகம் நடக்கும் தவறு இதுதான். போட்டோவில் அழகாக நீண்டு தெரியும் கரை, தண்ணீருக்குச் சுவர்.

ஒரு மழைக்காலம் உப்பைக் கழுவட்டும். விதை புரட்டாசியிலிருந்து மார்கழி வரை கிடைக்கும். அலையாத்தி விதையை இரவு ஊறவைத்தால் மேல்தோல் தானே கழன்றுவிடும். புழு துளைத்ததைக் கழித்துவிட்டு, வேர்நுனி கீழே இருக்க மூன்றில் ஒரு பங்கு சேற்றில் புதையும்படி ஊன்ற வேண்டும். இடம் வாய்க்கால் சரிவின் நடுப்பகுதி, ஒரு மீட்டர் இடைவெளி. கீழே ஊன்றினால் மூழ்கும், மேலே ஊன்றினால் காயும். வெள்ளத்துக்கு முன் அவசரப்பட்டு ஊன்றியது அப்படியே கடலுக்குப் போகும். அப்புறம் ஆடுமாடு: அலையாத்தி இலை அவற்றுக்குப் பிடித்த தீனி, காவல் இல்லாமல் கன்று தேறாது.

பிச்சாவரத்தில் பார்த்த சுரபுன்னை (அதுவும் சதுப்புக்காட்டு மரம்தான்) அழகாக இருக்கிறதென்று அதையே இங்கும் நடச் சொல்லுகிறவர்கள் உண்டு. உப்பு மிகுந்த தரையில் அலையாத்திதான் தாக்குப்பிடிக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி இந்தக் காட்டையும் அடித்தது. முறிந்த அலையாத்தி அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்விடும். சுரபுன்னைக்கு அந்தக் குணம் இல்லை; கிளை போனால் மரம் போச்சு.

கழிக்குள் படகு வந்ததும், தண்ணீரின் தெளிவைப் பார்க்கக் கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளலாம். வெள்ளம் வடிந்து பல வாரமான பிறகும் தட்டு சீக்கிரம் மறைந்தால், பாசியா வண்டலா என்று ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு பாருங்கள். அரைமணியில் அடியில் படிந்தால் வண்டல். பச்சையாகவே நின்றால் மேலே வயலிலோ இறால் குட்டையிலோ விசாரிக்க வேண்டும். இறால் அறுவடை முடிந்து குட்டையைத் திறக்கும் நாளில் கடைசியாக வருகிற கறுப்புச் சேற்றுநீர்தான் மோசமானது. அதைத் தனிக்குட்டையில் தேக்கித் தெளியவைத்துத்தான் விட வேண்டும்.

திரும்பும்போது நீர் வற்றும் நேரமாக இருந்தால் நல்லது. வெட்டிய வாய்க்கால்களின் வாயில் நிறுத்தச் சொல்லி, கம்பால் குத்தி ஆழம் பாருங்கள். வெட்டி ஓரிரு ஆண்டு ஆனதில் அநேகமாக வண்டல் ஏறியிருக்கும். தூர்வாரும் செலவைத் திட்டத்திலேயே எழுதாத வாய்க்கால், நட்ட கன்று இடுப்பளவு வருவதற்குள் அடைபட்டுவிடும்.