சிங்க்குக்கு அடியில் ஒரு 60 ஹெர்ட்ஸ் மோட்டார்

அமெரிக்காவிலிருந்து அண்ணன் வந்தபோது பெட்டியில் சாக்லேட் கம்மியாகவும் ஒரு இரும்பு உருளை கனமாகவும் இருந்தது. சமையலறை சிங்க்குக்கு அடியில் மாட்டுகிற கழிவு அரைப்பான். காய்கறித் தோல், மிச்சச் சோறு எல்லாவற்றையும் அரைத்துத் தண்ணீரோடு குழாயில் தள்ளிவிடும். அம்மாவுக்கு அப்போதே பிடிக்கவில்லை. "மாடு இருந்தப்ப கழுநீர்ப் பானை இருந்துச்சு. மாட்டை வித்துட்டு இப்ப மிஷினுக்குத் தீனி போடப் போறீங்களாடா?" என்றார்.

எங்கள் ஊர் பாபநாசத்துக்கும் அய்யம்பேட்டைக்கும் நடுவில். சிங்க் தண்ணீர் கொல்லை வாழைக்குப் போகிறது. அதனால் அரைத்த கூழும் அங்கேதான் போனது. வாழைக்கு நல்லது, மூக்குக்கு நல்லதில்லை. நியூயார்க்கிலேயே பழைய சாக்கடை தாங்காது என்று 1997 வரை நகரின் பெரும்பகுதியில் இதற்குத் தடை இருந்ததாம். எங்கள் வாழைப் பாத்தி இரண்டு வருடம் தாங்கியது. மோட்டார்தான் தாங்கவில்லை.

மே கடைசியில் ஒருநாள் சுவிட்சைப் போட்டால் வெறும் உறுமல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். மிக்ஸி மாதிரி பிளேடு இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. ஒரு தட்டு, அதன்மேல் ஆடுகிற இரண்டு இரும்பு நாக்குகள், சுற்றிலும் பல் வைத்த வளையம். தட்டு சுற்றும் வேகத்தில் கழிவு ஓரத்துக்கு வீசப்பட்டு வளையத்தில் தேய்ந்து துருவலாகிறது. வெட்டுகிற வேலையே இல்லை என்பதால் நார் போனால் அறுபடாது, சுற்றிக்கொள்ளும். உள்ளே இருந்ததும் அதுதான்: வாழைத்தண்டு நார். தண்டு நறுக்கும்போது அம்மா விரலில் சுற்றிச் சுற்றி எடுக்கிற நார், பந்து பந்தாக. கூடவே ஒரு புளியங்கொட்டை.

இடுக்கியால் எல்லாவற்றையும் எடுத்தேன். அடியில் நடுவே அறுகோணத் துளை ஒன்று உண்டு, அதில் அலன் கீயை விட்டுத் தட்டைக் கையாலேயே திருப்பலாம். துளை கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். என்னிடம் இருந்தது 6. கொஞ்சம் லொடலொடத்தாலும் திரும்பியது. சிவப்பு ரீசெட் பொத்தானை அமுக்கி, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டேன். நாலு விநாடி ஓடியது. மறுபடி உறுமல், அப்புறம் மோட்டார் காயிலின் வார்னிஷ் கருகும் வாடை. பம்புசெட் வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த வாடையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கழற்றுவது சுலபம். மேல் வளையத்தைத் திருகினால் மொத்தமும் கையோடு வந்துவிடும். எனக்குக் கையோடு வராமல் முழங்காலோடு வந்தது. அடியில் நாலு செங்கல் அடுக்கிவிட்டுத் திருகுங்கள்.

காயில் கட்டுகிற கடைக்குத் தூக்கிப்போனால் வாசல் வரை மோனோபிளாக் மோட்டார்கள். போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கிற நேரம். "தம்பி, ஜூன் 12 மேட்டூர் தொறக்கணும், ஆத்துல தண்ணி வரணும். அப்பத்தான் எனக்குக் கை ஓயும். அதுவரைக்கும் இந்தப் பொம்மையை ஓரமா வைங்க" என்றார் கடைக்காரர்.

அந்த மூன்று வாரத்தில்தான் மோட்டாரின் பட்டையை ஒழுங்காகப் படித்தேன். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (மின்சாரம் விநாடிக்கு அத்தனை தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது), நிமிடத்துக்கு 1725 சுற்று. நம்மூர் 230, 50. வோல்ட்டுக்கு ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 110 ஆக்கியிருந்தோம். ஹெர்ட்ஸை அது மாற்றாது என்பது எனக்குத் தெரியும், ஆனால் "கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதானே" என்று விட்டிருந்தேன். அவ்வளவுதான் இல்லை. வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் வருவதைப் பொறுத்துத்தான் மோட்டார் இரும்பில் காந்தப்புலம். 120-ஐ 60 ஆல் வகுத்தால் 2. 110-ஐ 50 ஆல் வகுத்தால் 2.2. இரும்புக்குள் காந்தப்புலம் பத்து சதவீதம் கூடுதல் என்று அர்த்தம். அது சூடாகப் போகும். இரவில் மின்சாரம் 245-க்கு ஏறும்போது இன்னும் மோசம்.

இதுதான் காரணம் என்று பெருமையாகக் கடைக்காரரிடம் சொன்னேன். மோட்டாரைப் பிரித்துக் காட்டினார். மெயின் காயில் லேசாகப் பழுத்திருந்தது, அவ்வளவுதான். ஸ்டார்ட்டிங் காயில்தான் கரி.

"உங்க கணக்குல ரெண்டு காயிலும்ல போயிருக்கணும்?"

விஷயம் சென்ட்ரிபியூகல் சுவிட்சில் இருந்தது. ஸ்டார்ட்டிங் காயில் கிளம்பும்போது மட்டும் வேலை செய்ய வேண்டும். வேகம் ஏறியதும் மோட்டார் தண்டிலுள்ள எடைகள் விரிந்து சுவிட்ச் அதைக் கழற்றிவிடும். 60 ஹெர்ட்ஸ் மோட்டாரில் இது ஏறத்தாழ 1350 சுற்றுக்கு வைத்திருப்பார்கள். 1725-க்குப் போகிறவனுக்கு 1350 பக்கத்து வீடு. 50 ஹெர்ட்ஸில் சும்மா ஓடினாலே 1430 தான் வரும். அதில் வாழைநாரும் சுற்றினால் 1350-ஐத் தொடவே தொடாது. ஸ்டார்ட்டிங் காயில் கழலாமல் வெந்துகொண்டே இருக்கும். இரண்டு வருடமாக நாங்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அதைத்தான் வேகவைத்திருக்கிறோம்.

நேராக 230-க்கே கட்டிவிடலாம் என்று முடிவு. காயிலில் கம்பி எத்தனை சுற்று என்ற கணக்கை நான் போட்டேன்: வோல்ட்டுக்காக 230/120, ஹெர்ட்ஸுக்காக 60/50, பெருக்கினால் 2.3 மடங்கு. கம்பி உட்காரும் அதே பள்ளத்தில் 2.3 மடங்கு சுற்று அடங்க வேண்டுமானால் கம்பியின் குறுக்குப் பரப்பு அந்த அளவு குறைய வேண்டும். பழையது 20 கேஜ், புதியது 23. கடைக்காரர் கணக்கே போடவில்லை. பழைய கம்பியை விரலில் உருட்டிப் பார்த்து "இருபத்திமூணு" என்றார். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். சுவிட்சுக்கு இளகிய ஸ்பிரிங் போட்டிருக்கிறார். இப்போது முன்னதாகவே கழல்கிறது, 'டிக்' என்று காதில் கேட்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் பரணுக்குப் போய்விட்டது.

மிச்சம் ஒன்று. மோட்டார் தண்டைச் சுற்றித் துரு, அதாவது மேல் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. தண்டு அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். நம்மூரில் 12-க்கு சீல் இருக்கிறது, 13-க்கும் இருக்கிறது. லேத்தில் 13-க்கு தண்டின்மேல் மாட்ட ஒரு மெல்லிய பித்தளை புஷ் கடையச் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை தருவதாகச் சொன்னார்கள். அது வரும்வரை திண்ணையில் தண்ணீரில்லாமல் தினம் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கிறேன். வெதுவெதுப்புதான், சுடவில்லை.

அம்மாவிடம் நாரை மட்டும் அதில் போடாதீர்கள் என்று சொல்லியாயிற்று. அதையெல்லாம் மாடத்தில் காய வைத்து விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.