யூ.எஸ்.பி கேபிளைக் கழற்றியதும் உறைந்துபோன ரோபோ

கோலாலம்பூரின் செந்தூலில் சனிக்கிழமை மாலைகளில் படிவம் 4 (இடைநிலைப் பள்ளி) மாணவர்களுடன் சேர்ந்து கட்டிவரும் போட்டி ரோபோ, முழு வேகத்தில் முன்னோக்கி ஓடும்போது பின்னோக்கிச் செல்லக் கட்டளை பெற்றால், இருந்த இடத்திலேயே உறைந்து நின்றது. நான்கு டிசி மோட்டார்கள், நிரலை இயக்கும் ஓர் ஆர்டுயினோ ஊனோ கட்டுப்பாட்டுப் பலகை, தொடராக இணைத்த இரண்டு 18650 லித்தியம் மின்கலங்கள் ஆகியவற்றால் ஆனது அது. நிரலில்தான் கோளாறு என்று பலரும் கருதினார்கள். ஆனால் மாணவி ஒருத்தி, "சார், மடிக்கணினியோடு கேபிள் மாட்டியிருக்கும்போது ஒருமுறைகூட நிற்கவில்லை" என்றாள். தேடலின் திசையை மாற்றியது அந்தக் கவனிப்புதான்.

ஊனோ பலகைக்கு வெளியிலிருந்து வரும் மின்னழுத்தம் சுமார் 6.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், அதிலுள்ள ஒப்பீட்டுச் சுற்று யூ.எஸ்.பி மின்சாரத்துக்கு மாறிக்கொள்ளும். எனவே கேபிள் இருக்கும்வரை மின்கலப் பக்கத்துக் குறை வெளியே தெரியாது. நிரலைத் திருத்தும் வேலையை அத்துடன் நிறுத்திவிட்டு, மின்சாரம் வரும் பாதையைப் பார்க்கத் தொடங்கினோம்.

மல்டிமீட்டர் மின்கலத்தில் 8.1 வோல்ட் காட்டியது. ஆனால் சுமையில்லாமல் எடுத்த இந்த அளவை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. ஓடும் மோட்டாரைத் திடீரென எதிர்த்திசையில் செலுத்தும்போது, அதுவரை மின்கலத்தை எதிர்த்துக்கொண்டிருந்த பின்மின்னழுத்தம் (சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் மின்னழுத்தம்) மின்கலத்தோடு சேர்ந்துகொள்வதால், மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஒரு கணம் சுழலவிடாமல் பிடித்தால் அது இழுக்கும் முடக்க மின்னோட்டத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். அந்தக் கணத்தைப் பிடிக்கும் வேகம் சாதாரண மீட்டருக்கு இல்லை. ஆகவே மடிக்கணினியிலிருந்து தனியாக மின்சாரம் பெறும் இன்னோர் ஊனோவை எடுத்து, கிரவுண்டை (எதிர்முனைக் கம்பியை) மட்டும் ரோபோவுடன் பொதுவாக்கி, இரண்டு சம மின்தடைகளால் மின்னழுத்தத்தைப் பாதியாக்கி, மின்கல முனையிலும் பலகையின் உள்ளீட்டிலும் ஒரே நேரத்தில் பதிவுசெய்தோம். திசை மாறும் தருணத்தில் மின்கல முனையில் 7.2 வோல்ட் இருந்தது. பலகைக்கு வந்து சேர்ந்ததோ 5 வோல்ட்டுக்கும் குறைவு. அதிலிருந்து பாதுகாப்பு டையோடும் மின்னழுத்தச் சீராக்கியும் எடுத்துக்கொள்வது போக எஞ்சும் மின்னழுத்தத்தில், 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சில்லு ஒழுங்காக இயங்கும் என்பதற்கு உறுதி கிடையாது. அந்த வேகத்துக்கு அதற்கு 3.8 வோல்ட் அளவாவது தேவை.

வழியில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் தொலைந்தது எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு, சக்கரங்களைச் சில விநாடிகள் மட்டும் பிடித்து நிறுத்திக்கொண்டு, மீட்டரின் இரு முனைகளையும் ஒவ்வோர் இணைப்பின் இருபுறமும் வைத்துப் பார்த்தோம். நல்ல இணைப்பு சுமையின் கீழும் சில மில்லிவோல்ட்டையே விழுங்கும். சுவிட்சில் 60 மில்லிவோல்ட் விழுந்தது; அது பொறுத்துக்கொள்ளத்தக்கது. சுவிட்சுக்கு முந்தைய சிவப்புக் கம்பியை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் முனையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுந்தது. அதை வெட்டிப் பிரித்தபோது, செம்பு இழைகளோடு காப்புறையும் உள்ளே நசுங்கியிருந்தது தெரிந்தது. சில இழைகள் மட்டுமே உலோகத்தைத் தொட்டிருந்ததால், நின்ற நிலையில் தொடர்ச்சி (மின்பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று) சோதித்தால் மீட்டர் ஒலிக்கத்தான் செய்யும். தொடர்ச்சிச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம் என்று மாணவர்களிடம் வற்புறுத்துவது இதனால்தான்.

புடு வட்டாரத்து ஜாலான் பாசாரில் கம்பிக்கேற்ற அளவுள்ள முனைகளையும், ஒரு ஷாட்கி டையோடையும், 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் வாங்கினோம். பலகைக்கும் மோட்டார்களுக்கும் மின்கலத்திலிருந்தே தனித்தனிக் கம்பிகள் இழுத்து, பலகையின் கம்பியில் டையோடையும் அதற்கடுத்து மின்தேக்கியையும் இணைத்தாயிற்று. மோட்டார்கள் இழுக்கும் கணத்தில் மின்தேக்கியின் சேமிப்பு அவற்றின் பக்கம் திரும்பிப் பாயாமல் டையோடு தடுக்கிறது. கேபிள் இல்லாமலேயே ரோபோ இப்போது தடையின்றித் திசை மாறுகிறது.

மோட்டார்கள் ஓடும்போது தரையிலுள்ள கோட்டைக் கண்டறியும் உணரிகளின் அளவுகள் அலைபாய்வது மட்டும் இன்னும் தீரவில்லை. மோட்டார் முனைகளில் 100 நானோஃபாரட் செராமிக் மின்தேக்கிகளைப் பற்றவைத்த பின் அலைச்சல் குறைந்திருக்கிறது. உணரிகளின் கிரவுண்ட் கம்பி மோட்டார்களை இயக்கும் ஓட்டிச் சுற்றின் வழியாகத் திரும்புவதால், அடுத்த சனிக்கிழமை அதைப் பிரித்து நேராகப் பலகைக்குக் கொண்டுவந்து பார்க்கவிருக்கிறோம்.