மாலை அறிக்கை

ஜூன் 6, 2020, சனி

அரசின் கொரோனா அறிக்கையில் சித்தப்பா இன்றும் இல்லை. இறந்தவர்கள் பகுதியில் வயது, ஊர், கூடவே இருந்த நோய் எல்லாம் போடுகிறார்கள். 67 வயது ஆண் ஒருவர், சர்க்கரை நோய். நெஞ்சு திக்கென்றது. பார்த்தால் செங்கல்பட்டு.

ஜூன் 8, திங்கள்

சித்தி போனில் கேட்டதையே கேட்கிறாள். "மாரடைப்புன்னா அவங்க ஏம்ப்பா அந்த வெள்ளை டிரெஸ்ஸ மாட்டிக்கிட்டு வந்தாங்க?"

என்ன சொல்வது? கிருஷ்ணாம்பேட்டை மயானத்தில் எங்களை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜிப் வைத்த பை. முகம் காட்டவில்லை. சித்தி வீட்டு வாசலில் மாநகராட்சியின் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர். பால்காரர் பாக்கெட்டை எதிர்வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுக் குரல் கொடுக்கிறார். தெருவுக்கே தெரிந்த விஷயம் ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்துக்கு மட்டும் தெரியவில்லை. அதில் இருதயச் செயலிழப்பு. பாசிட்டிவ் என்று போனில் சொன்னது அவர்கள்தான். எழுத்தில் கேட்டால், "ரிப்போர்ட் எல்லாம் மேல போயிடுச்சு சார்."

மேலே என்றால் எங்கே?

ஜூன் 10, புதன்

எங்கள் எம்.எல்.ஏ. ஜெ. அன்பழகன் போய்விட்டார். இன்று அவருக்குப் பிறந்தநாளாம். தெருவில் கறுப்புக் கொடி கட்டக்கூட நாலு பேர் சேர முடியவில்லை.

மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்கும் மாநில அறிக்கைக்கும் இருநூறுக்கு மேல் இடிக்கிறது என்று செய்தி. அப்படியானால் சித்தப்பா மட்டும் இல்லை. தூக்கம் போச்சு.

ஜூன் 12, வெள்ளி

சுகாதாரத் துறைச் செயலாளர் மாற்றம். பீலா ராஜேஷ் இடத்தில் ராதாகிருஷ்ணன். கணக்கைச் சரிபார்க்கக் குழுவும் போட்டிருக்கிறார்கள். சித்தியிடம் சொன்னேன். "சரி" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 15, திங்கள்

தகவல் உரிமை மனு எழுதி முடித்தேன். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டியாயிற்று. மூன்றே கேள்வி: பரிசோதனை முடிவு என்ன, அது பொது சுகாதாரத் துறைக்கு அனுப்பப்பட்டதா, இந்த மரணம் தினசரி அறிக்கையில் சேர்ந்ததா.

சாதாரணமாக 30 நாள். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம், பிரிவு 7(1). செத்தவரைப் பற்றிய தகவலில் உயிர் எங்கே வந்தது என்பார்கள். அதே வீட்டில்தான் சித்தியும் அவள் பிள்ளையும் இருக்கிறார்கள். அவருக்கு என்ன வந்தது என்று தெரிவது அவர்கள் உயிர் சம்பந்தப்பட்டதில்லையா? இதை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். அழுத்தி எழுதினால் சண்டைக்காரன் என்று ஓரம்கட்டுவார்கள், பணிந்து எழுதினால் சாவகாசமாகப் பார்ப்பார்கள். இதற்கு நடுவில், மக்கள் கேட்காமலேயே அரசு தகவல்களை வெளியிட வேண்டும் என்று 4ஆம் பிரிவு வேறு இருக்கிறது. நல்ல சட்டம்தான்!

19ஆம் தேதியிலிருந்து 30 வரை சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு. நாளைக்கே பதிவுத் தபாலில் போட்டுவிட வேண்டும்.

ஜூன் 21, ஞாயிறு

கிரகணம். ஊரடங்கிலும் இன்று தளர்வே கிடையாது. பைகிராப்ட்ஸ் ரோட்டில் நாய்கள் மட்டும். அறிக்கை வந்தது. இல்லை.

ஜூன் 24, புதன்

சாத்தான்குளம். கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்தார்கள் என்று போலீஸ் கொண்டுபோன அப்பாவும் மகனும் செத்துப்போனார்கள். இன்று அறிக்கை பார்க்கவில்லை.

ஜூலை 3, வெள்ளி

இல்லை.

ஜூலை 17, வெள்ளி

பதில் வந்துவிட்டது. ஒரே பத்தி. கோரிய தகவல் மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம், பிரிவு 8(1)(ஜே)யின் கீழ் தர இயலாது.

என்னைத் தோளில் உட்காரவைத்துப் பார்த்தசாரதி கோயில் தேர் காட்டியவர், மூன்றாம் நபர். போகட்டும். வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியபோது எங்கே போயிற்று இந்தத் தனிப்பட்ட விவரம்? மூன்றாவது கேள்விக்குப் பெயர்கூட வேண்டாமே. சேர்ந்ததா, ஆம், இல்லையா, இல்லை. அதற்கும் சேர்த்து அதே பிரிவு.

காப்பீட்டு ஆபீஸில் பாசிட்டிவ் ரிப்போர்ட் கேட்கிறார்கள். சித்தி ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்கிறாள். கிண்டலாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா, தெரியவில்லை.

ஜூலை 20, திங்கள்

முதல் மேல்முறையீடு, 19(1). சித்தி பெயரில் போட்டால் மூன்றாம் நபர் என்று தள்ள முடியாது என்கிறார் கோர்ட்டில் வேலை பார்க்கும் கீழ்வீட்டு மாமா. அவளிடம் கையெழுத்துக் கேட்கவே சங்கடமாக இருக்கிறது.

ஜூலை 22, புதன்

444.

விடுபட்ட மரணங்கள் என்று ஒரே நாளில் சேர்த்துவிட்டார்கள். மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை, சென்னையில் மட்டும். மாநிலம் முழுக்க மொத்தம் இப்போது 3,144. சித்தப்பா போனது ஜூன் 3.

சித்திக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அதுல உங்க சித்தப்பா இருக்காராப்பா?"

மேல்முறையீட்டில் இந்தக் கேள்வியையும் சேர்க்க வேண்டும். பிரிண்டரில் இங்க் இல்லை, ஜெராக்ஸ் கடை ஆறு மணி வரைதான். மணி ஐந்தரை