மூன்றாவது ஆணி

ஜூன் 3, செவ்வாய்

காலையில் ஒருவர் தம் வண்டிக்குதிரையைக் கையில் பிடித்து நடத்தி வந்தார். செங்கல் பாரம் இழுக்கும் எட்டு வயதுப் பெண்குதிரை. வலது முன்காலை ஊன்றும்போதெல்லாம் அது தலையை மேலே தூக்கியது. இடது கால் தரையைத் தொட்டபோது தலை தாழ்ந்தது. நோகும் கால் தரையில் படும் நொடியில் அதன்மேல் விழும் பாரத்தைக் குறைக்கவே குதிரை தலையைத் தூக்குகிறது என்பதை அறியாத பலர், தலை தாழும் பக்கத்தில்தான் நோய் இருப்பதாக எண்ணி நல்ல காலுக்கு வைத்தியம் பார்ப்பார்கள். இவரும் அப்படித்தான். இடது கால் முழுவதும் எண்ணெய் மினுமினுத்தது.

உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்கால்கள் தாங்குகின்றன. முன்கால் நொண்டலுக்குப் பெரும்பாலும் குளம்பே காரணமாக இருப்பதால் அங்கிருந்தே தொடங்கினேன். நல்ல காலில் தேடித்தான் பிடிக்க வேண்டிய நாடி, கணுவின் பின்புறம் வைத்த விரலை உதைத்தது. குளம்பு சுட்டது. இடுக்கியால் சுற்றிலும் அழுத்திக்கொண்டே வந்தபோது, வெளிப்பக்கத்து மூன்றாவது ஆணியருகே காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. லாடம் அடித்து ஒன்பது நாள் ஆகிறதாம். ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூன்றாவது ஆணி ஈரமாக வந்தது. அதன் பின்னாலேயே சாம்பல் நிற நீர் நாற்றத்தோடு கசிந்தது. உள்ளங்குளம்பில் வழி திறந்து சீழை வடியவிட்டு, மெக்னீசியம் சல்பேட் உப்பு வைத்துக் கட்டினேன். குதிரைகளை டெட்டனஸ் எளிதில் பற்றும் என்பதால் அதற்கான ஊசியையும் போட்டேன்.

இரண்டு வாரம் வண்டியில் பூட்டக் கூடாது என்றேன். "சரிங்க ஐயா" என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கமானது.

ஜூன் 5, வியாழன்

கட்டு மாற்ற வீட்டுக்கே போனேன். உண்மையில், குதிரை வண்டியில் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கவே போனேன். பூட்டவில்லை. சீழ் வடிந்ததும் வலி பாதிக்குமேல் இறங்கிவிட்டது; முந்தாநாள் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டிருந்த கால் இன்று முழுதாக ஊன்றியது.

அடி குறுகுவதை ஐந்து நாட்களுக்கு முன்பே கவனித்ததாக இன்றுதான் சொன்னார். யாரோ கொடுத்த வலி மருந்தைக் கொடுத்திருக்கிறார். குதிரை நேராக நடந்திருக்கிறது. மேலும் இரண்டு நாள் பாரம் ஏற்றியிருக்கிறார். கடிந்துகொள்ள வாய் திறந்தேன். அதற்குள் அவர் தம் கணக்கைச் சொன்னார். இரண்டு நாள் வண்டி வராவிட்டால் சூளைக்காரர் அந்த நடையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். வண்டிக்கு வாங்கிய கடனின் தவணை நிற்காது. உழைத்தாலும் படுத்தாலும் குதிரைக்குத் தீனி போட்டாக வேண்டும். அவருடைய மனைவி நேற்று முதல் தலைச்சுமை வேலைக்குப் போகிறார். இத்தனை ஆண்டுகளாகச் சீட்டின் முதல் வரியில் 'ஓய்வு' என்று எழுதிவருகிறேன், அது ஏதோ இலவசமாகக் கிடைப்பதுபோல. அந்தச் சீட்டிலேயே மிக அதிக விலை அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

ஜூன் 8, ஞாயிறு

தானியத்தைக் குறைக்கச் சொன்னதில் அவருக்கு வருத்தம். நோயாளிக்கு நல்ல தீனி போடாமல் வேறு யாருக்குப் போடுவது என்கிறார். வேலையில்லாமல் நிற்கும் குதிரைக்குப் பழைய அளவிலேயே தானியம் போட்டால் தசைப்பிடிப்பும் குளம்பழற்சியும் வரலாம் என்று விளக்கினேன். பாதி நம்பினார். தானியச் செலவு குறையும் என்றதும் முழுவதும் நம்பினார்.

ஜூன் 14, சனி

கட்டு நனையாமல் இருக்கிறது, குழி உலர்ந்துவிட்டது. இன்று வெளிச்சம் நன்றாக இருந்ததால், இரண்டு பின்கால்களிலும் முடி முளைக்காத பழைய கோடுகளைக் கண்டேன். ஒரு காலில் நான்கு, மற்றதில் ஐந்து. முன்பு வைத்திருந்தவர் நொண்டலுக்குச் சூடு வைத்திருக்கிறார். சூட்டால் தசைநார் குணமாவதில்லை. கிழிந்த தசைநார் தேறுவதற்குப் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுகூட ஆகும். சூட்டுப்புண் ஆறும்வரை குதிரையை நிறுத்திவைத்ததால் கிடைத்த சிறு குணம், சூட்டின் பெருமையாகிவிட்டது.

ஜூன் 19, வியாழன்

லாடக்காரரையும் வரவழைத்தேன். அவர்மீது பழியைப் போடுவது எளிது. ஆனால் அவர் குளம்பைத் தூக்கிக் காட்டியபோது எனக்குப் பேச்சு எழவில்லை. குளம்பு மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. தார்ச்சாலையில் லாடமோ அதற்குள் தேய்ந்துவிடுகிறது. வளராத குளம்பில் மறுபடி மறுபடி ஆணி அடித்ததால் அதன் வெளிச்சுவரின் விளிம்பு பழைய துளைகளால் பொரிந்து உதிர்ந்திருந்தது. பிடிமானம் தேடி ஆணியைச் சற்று உள்ளே தள்ளி அடித்திருக்கிறார். இம்முறை உதிர்ந்த பகுதியை விட்டுவிட்டு, ஆறே ஆணிகள் போதும் என்று முடிவு செய்தோம்.

நான்காவது ஆணி பாதி இறங்கியபோது குதிரையின் தோள் சிலிர்த்தது. லாடக்காரர் சுத்தியலை மீண்டும் ஓங்கினார்; நான் சொல்வதற்குள், கடிவாளத்தைப் பிடித்திருந்தவர் முந்திக்கொண்டார்.

"அண்ணே, அந்த ஆணியைப் பிடுங்கிடுங்க."

பிடுங்கிய ஆணியை என்னிடம் நீட்டினார். விரலால் துடைத்துப் பார்த்தேன். உலர்ந்திருந்தது.