முற்றத்துப் படி

ஜூன் 12, வியாழன்

மேட்டூரில் இன்று தண்ணீர் திறந்துவிட்டார்கள். அக்கா இன்றும் தாழ்வாரத்தைத் தாண்டி இறங்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஹரித்ராநதிக் குளக்கரையில் காலை 6 மணிக்கு முதல் வகுப்பு நடந்தது. 11 பேர் வந்திருந்தோம். எல்லோரும் அறுபதைக் கடந்தவர்கள். சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருந்தபோது அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தாய் சி கற்றுக்கொண்டு மன்னார்குடிக்குத் திரும்பிய அம்மாள்தான் சொல்லித்தருகிறார். சீனத்துத் தற்காப்புக் கலை என்கிறார்; ஆனால் நெல் உலர்த்துபவர்கள் களத்தில் கால் அளைவதைப் போல அவ்வளவு மெதுவாக இருக்கிறது. முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, உடலின் எடை முழுவதையும் ஒரு காலுக்கு மாற்றி, மற்றக் காலில் பாரமே இல்லை என்று உறுதியான பிறகுதான் அதைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். முன்னே வைக்கும்போது குதிகால் முதலில் படவேண்டும்; பின்னே வைக்கும்போது விரல்நுனி. இந்த ஒன்றையே ஒரு மணி நேரம் செய்தோம்.

மார்கழியில் அக்கா விழுந்தது பின்னே கால் வைத்தபோதுதான்.

ஜூன் 17, செவ்வாய்

இரவெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் 670 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்திருக்கிறது. எல்லோரும் எழுபது வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். முந்தைய ஆண்டில் விழுந்தவர்கள், அல்லது நடை தடுமாறுபவர்கள். வாரம் இரு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 24 வாரங்கள் தாய் சி பழகியவர்களிடம், வெறுமனே கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களைவிட விழுதல் 58 விழுக்காடு குறைந்திருந்தது. பலவகை உடற்பயிற்சிகளைக் கலந்து செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 விழுக்காடு குறைவு. சிட்னியில் 2007இல் வெளியான ஆய்வில் 702 பேர், வாரத்துக்கு ஒரு வகுப்பு, 16 வாரங்கள். அங்கும் பழகியவர்கள் குறைவாகவே விழுந்தார்கள்.

அக்கா போன வாரமே வந்திருந்தால் 16 வாரம் அக்டோபர் 3இல் முடிந்திருக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே. ஆனால் சிட்னியில் சேர்ந்தவர்கள் ஓரளவு நல்ல உடல்நலம் உள்ளவர்கள். அக்காவுக்குப் பொருந்துவது ஒரேகான் கணக்குத்தான், 24 வாரம். அதற்குள் முற்றத்தில் பாசி படர்ந்துவிடும்.

ஜூன் 24, செவ்வாய்

பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று அக்கா கேட்டாள். நீயே வந்து பார் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஜூலை 4, வெள்ளி

எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம், இந்தப் பயிற்சியும் செய்யலாம் என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அக்காவைப் படுக்கவைத்தும் எழுந்து நிற்கவைத்தும் இரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்தவுடன் தலை சுற்றியதற்குக் காரணமாக இருந்த இரவு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். கண்புரையும் எடுத்தாயிற்று. கொல்லைக்குப் போகும் நடையில் விளக்குப் போட்டு, குளியலறைச் சுவரில் பிடிமானக் கம்பி பதித்து, தேய்ந்த செருப்பையும் எறிந்துவிட்டேன். மிஞ்சியிருப்பது பயம் ஒன்றுதான். ஆனால் பயந்தவர்கள் நடையைக் குறைக்கிறார்கள், நடை குறைந்தால் தொடைச் சதை வற்றுகிறது, வற்றிய கால் எளிதில் தடுமாறுகிறது. அக்காவின் புடவைக் கரைக்குக் கீழே தெரியும் கணுக்காலைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் சங்கிலி கண்முன் ஓடுகிறது. இன்று இதையெல்லாம் விளக்கமாக எடுத்துச் சொன்னேன். அவள் நிதானமாகக் கேட்டுவிட்டு, "விழுந்தவளுக்குத்தான்டி தெரியும், தரை எவ்வளவு கெட்டியென்று" என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை. மனம் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

அக்கா வந்தாள். ஆடி முதல் வெள்ளி என்பதால் கோயிலுக்குத்தான் கிளம்பினாள். கரையில் எல்லோரும் நிற்பதைப் பார்த்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். அம்மாள் அவளுக்கு நாற்காலி போட்டு, அமர்ந்தபடியே குதிகாலையும் விரல்நுனியையும் மாற்றி மாற்றி வைக்கச் செய்தார். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'மேகக் கைகள்' என்ற அசைவில் எடை இடதுக்கும் வலதுக்கும் போய்வர வேண்டும். அவள் கைகள் என்னுடையவற்றைவிட அழகாக நகர்ந்தன. சிறுவயதில் பாண்டி ஆடும்போது ஒற்றைக் காலில் நின்று சில்லை எடுப்பதில் தெருவிலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிடிக்காதீர்கள், பிடித்தால் அவர் எடை உங்கள் மேல் சாயும், அவர் காலுக்குப் போகாது என்றார் அம்மாள். நாற்காலி அசையாமல் நிற்கும், நான் பதறுகிறேன்.

இன்றிலிருந்து 16 வாரம் என்றால் நவம்பர் 7.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. பாமணியாற்றுப் படித்துறையில் அக்கா இறங்கவில்லை. மேல்படியிலேயே உட்கார்ந்து, காப்பரிசித் தட்டை என்னிடம் நீட்டினாள். ஐந்து வகுப்புகள் வந்துவிட்டாளே, இரண்டு படியாவது இறங்குவாள் என்று நினைத்திருந்தேன். ஐந்து வகுப்பு என்பது ஐந்து மணி நேரம். ஒரேகானில் அவர்கள் 48 மணி நேரம் பழகினார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

நேற்று இரவு நல்ல மழை. இரண்டு மணி இருக்கும், நடை விளக்கு எரிந்தது. அக்காவின் கட்டில் காலியாக இருந்தது. எழுந்து ஓடத்தான் உடம்பு துடித்தது. பாயை இறுகப் பற்றிக்கொண்டு படுத்திருந்தேன். தாழ்வாரத்தில் காலடி நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு ஈரத்தில் ஒரு கால் வைக்கும் ஓசை கேட்டது. மற்றக் கால் ஓசைக்காகக் காத்திருந்தேன்.