பழைய செவ்ரலே பிக்கப்புக்கு எஞ்சின்: வரவழைப்பதா, இருக்கிற பிளாக்கையே கடைவதா?

1950களின் செவ்ரலே 3100 போன்ற பிக்கப்பைச் சிங்கப்பூரில் வைத்திருப்பவர்கள், எஞ்சின் தேய்ந்ததும் அமெரிக்காவிலிருந்து ரீபில்ட் (பிரித்துப் புதுப்பித்த) எஞ்சின் ஒன்றை வரவழைக்கலாமா என்றுதான் முதலில் யோசிப்பார்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை கட்டுப்படியாகும் போலவும் இருக்கும். என் கருத்து வேறு. பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் அமைந்த எஞ்சினின் இரும்பு உடலில், சரிசெய்ய முடியாத விரிசல் இல்லாதவரை, கனமான இரும்பை இங்கேயே கடைந்துகொண்டு, பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் போன்ற இலேசான பாகங்களை மட்டும் வரவழைப்பதுதான் செலவிலும் நம்பிக்கையிலும் மேல்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டியின் பதிவில் சேசிஸ் எண்ணோடு எஞ்சின் எண்ணும் இருக்கிறது. பிளாக் மாறினால் எண்ணும் மாறும். ஆகவே வேறு எஞ்சின்தான் என்று முடிவெடுத்தால், பணம் கட்டுவதற்கு முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். செவ்ரலே ஆறு சிலிண்டரில் இந்த எண் வலப்பக்கத்தில், டிஸ்ட்ரிபியூட்டரை அடுத்த சிறிய மேடையில் அடித்திருக்கும். பட்டறைக்குப் போகுமுன் அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் கிரைண்டர் படக் கூடாது என்று சொல்லியும் வையுங்கள்.

அடுத்து, பானெட்டுக்குள் இருப்பது எந்த எஞ்சின் என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். கன அங்குலக் கொள்ளளவால் பெயர் பெற்ற 216, 235 என்ற இரண்டு ஆறு சிலிண்டர் எஞ்சின்களும் வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போலிருக்கும். உள்ளே கதை வேறு. 216இல் கனெக்டிங் ராடு பேரிங், உருக்கி ஊற்றிய பாபிட் எனும் மென்மையான கலப்பு உலோகம். ராடுகளுக்கு எண்ணெய் அழுத்தத்தில் போகாது, தெறிப்பில்தான் போகும். பாபிட் ஊற்றி அளவுக்குக் கடையத் தெரிந்தவர்கள் இன்று மிகக் குறைவு. 1954 முதல் வந்த 235இல் கழற்றி மாற்றக்கூடிய பேரிங் ஷெல், முழு அழுத்த எண்ணெய் ஓட்டம் இரண்டும் உண்டு. பிரித்தறிய வால்வு கவரைப் பாருங்கள். மேலே நடுவில் இரண்டு நட்டு போட்டு இறுக்கியிருந்தால் பழைய வகை. கீழ் விளிம்பில் நான்கு ஸ்க்ரூ இருந்தால் 1954க்குப் பிந்தையது. ஆனால் கவர் மாற்றக்கூடிய பொருள். பிளாக்கில் உள்ள வார்ப்பு எண்ணைச் சரிபார்க்காமல் யார் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

216 வண்டியில் 235 போடுவது பலர் செய்கிற மாற்றம்தான். நேராக உட்கார்ந்துவிடும் என்று விற்பவர் சொல்வார். 1955க்குப் பிந்தைய 235இல் வாட்டர் பம்ப் தாழ்வாக இருப்பதால் ஃபேன் ரேடியேட்டருக்கு நடுவில் வராது. அடாப்டர் தகடு வைத்துப் பழைய பம்பை மாட்ட வேண்டும். முன்பக்க மவுண்ட் தகட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். 6 வோல்ட் ஃப்ளைவீலில் 139 பல், 12 வோல்ட்டில் 168 பல். ஸ்டார்ட்டரும் ஃப்ளைவீலும் ஒரே ஜோடியாக இல்லாவிட்டால் ரிங் கியரின் பல் தேய்ந்துவிடும். எண்ணெய் அழுத்தக் கடிகாரமும் மாற வேண்டும்: 216க்கு வந்தது 30 பிஎஸ்ஐ வரைதான் காட்டும்.

வெளியூரிலிருந்து வாங்கியே தீர வேண்டும் என்றால், "ரீபில்ட்" என்ற சொல்லுக்கு அளவுத்தாள் கேளுங்கள். சிலிண்டர் எத்தனை தௌ ஓவர்சைஸ், கிராங்க் ஜர்னல் (கிராங்க் தண்டு பேரிங்கில் சுழலும் பகுதி) எத்தனை தௌ அண்டர்சைஸ், பேரிங் இடைவெளி என்ன, ஹெட்டும் பிளாக்கும் அழுத்தச் சோதனையில் தேறினவா என்று ஒவ்வொன்றும் எண்ணாக எழுதியிருக்க வேண்டும். தௌ என்பது ஆயிரத்தில் ஒரு அங்குலம். தாள் இல்லாத எஞ்சின், பெயின்ட் அடித்த பழைய எஞ்சின் என்றே கணக்கு. நம் ஊர்க்காரர்கள் கவனிக்காமல் விடுவது உறைபனி விரிசலை. குளிர்ப் பிரதேசத்தில் உறைதடுப்பு திரவம் ஊற்றாமல் கிடந்த எஞ்சினில் தண்ணீர் உறைந்து விரியும்போது பிளாக்கின் பக்கச் சுவர் நீளவாக்கில் வெடிக்கும். அதைப் பசை பூசி, மேலே பெயின்ட் அடித்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். இரு பக்கமும் பெயின்ட் சுரண்டிய படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

செலவுக் கணக்கில் பலர் தவறவிடுவது கோர் டெபாசிட். பழைய எஞ்சினைத் திருப்பி அனுப்பினால்தான் அது திரும்பி வரும். கால் டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பைப் பசிபிக் கடந்து திருப்பி அனுப்பும் செலவு, பெரும்பாலும் டெபாசிட்டையே விழுங்கிவிடும். ஆகவே அதைப் போன பணமாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். பகிர்ந்த கொள்கலனில் வரும் சரக்குக்குக் கன மீட்டர், டன் இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம்; இங்கே துறைமுகத்தில் இறக்கிக் கையாளும் கட்டணம் தனி. எஞ்சினுக்குச் சுங்கத் தீர்வை கிடையாது, ஆனால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. அது எஞ்சின் விலைக்கு மட்டுமல்ல, கப்பல் கட்டணம், காப்புறுதி எல்லாம் சேர்த்த தொகைக்கு. எடுத்துக்காட்டுக்கு, எஞ்சின் 4,500 வெள்ளி, கப்பலும் காப்புறுதியும் 2,000 வெள்ளி என்றால் வரி மட்டும் 585 வெள்ளி. ஜொகூரில் கடையக் கொடுத்து உட்லண்ட்ஸ் வழியாகவோ துவாஸ் வழியாகவோ கொண்டுவந்தாலும் சுங்கத்தில் அறிவித்தாக வேண்டும்.

சொந்த பிளாக்கைக் கடைவதில் உள்ள பெரிய வசதி, பணத்தைத் தவணையாகச் செலவிடலாம் என்பது. முதல் தவணை கழற்ற, கொதி தொட்டியில் கழுவ, அளக்க மட்டும். பிளாக்கின் தண்ணீர், எண்ணெய் வழிகளை அடைத்திருக்கும் எல்லா பிளக்கையும் எடுத்துவிட்டுக் கழுவச் சொல்லுங்கள். ஆறாவது சிலிண்டருக்குப் பின்னால் துருச்சேறு இறுகிக் கிடக்கும். நம் ஊர் வெயிலில், விரைவுச்சாலை நெரிசலில், எஞ்சின் கொதிப்பதற்கு ரேடியேட்டரைவிட இந்தச் சேறுதான் பல வண்டிகளில் காரணம். பிறகு விரிசலைக் காட்டும் காந்தத் தூள் சோதனையும் அழுத்தச் சோதனையும். ஹெட்டில் வால்வுகளுக்கு இடையே விரிசல் விழுவது இந்த எஞ்சினில் சாதாரணம், அதனால் ஹெட்டை முதலில் சோதியுங்கள். இதுவரை செலவு சிறியது. பிளாக் தேறாவிட்டால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், பிஸ்டன் வாங்கிய பணம் வீணாகாது.

அளவு வந்தபின்தான் பாகங்களுக்கு ஆர்டர். சிலிண்டரின் மேலும் கீழும் 5 தௌவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வெறும் ரிங் மாற்றுவது பயன் தராது, போர் (bore) செய்தாக வேண்டும், அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். 235இன் அசல் போர், அதாவது உள்விட்டம், 3.5625 அங்குலம். 30 தௌ ஓவர்சைஸில் முடித்தால் இன்னொரு முறை கடைய இடமிருக்கும். 60 போய்விட்டால் அநேகமாக அதுவே கடைசி. பிஸ்டன் கைக்கு வருமுன் போர் செய்ய அனுமதிக்காதீர்கள். பெட்டியில் 30 என்று எழுதியிருந்தாலும் ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்பத்தான் அந்தந்தச் சிலிண்டரைக் கடைய வேண்டும். பேரிங்கும் அப்படியே. கிராங்க் எத்தனை தௌ கடைந்தது என்று தெரிந்த பிறகு ஷெல் வாங்குங்கள். இடைவெளிக்குப் பொதுக் கணக்கு, ஜர்னல் விட்டத்தில் அங்குலத்துக்கு 1 தௌ. ரிங்கின் இரு முனைகளுக்கு இடையே உள்ள வாய் இடைவெளி, போர் விட்டத்தில் அங்குலத்துக்கு 4 தௌ, ஆக இந்த எஞ்சினுக்கு 14 தௌ அளவில். கேம்ஷாஃப்ட்டில் இருப்பது நார்ப்பொருளால் ஆன கியர், சங்கிலி கிடையாது. சுத்தியலால் தட்டி ஏற்றினால் உடையும். பிரஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற பட்டறைகள் நிறைய. ஆனால் போர் செய்வதையும் கிராங்க் கடைவதையும் வெளியே கொடுத்து வாங்குவதும் வழக்கம். யாரிடம் போகிறது என்று கேட்டு, முடிந்தால் அங்கே நேரில் போய்ப் பாருங்கள். இங்கே இருக்கும் ஈரப்பதத்தில் புதிதாகக் கடைந்த சிலிண்டர் சில மணி நேரத்தில் துருப்பிடிக்கும். சோப்பும் சுடுதண்ணீரும் போட்டு, வெள்ளைத் துணியில் கருமை படியாத வரை தேய்த்துக் கழுவி, உடனே எண்ணெய் பூச வேண்டும். பெட்ரோல் கொண்டு துடைப்பது போதாது, ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து முடிப்பது) விட்டுச்செல்லும் தூள் நுண்கீறலில் ஒட்டிக்கொண்டு புது ரிங்கைத் தின்றுவிடும்.

ஹெட் கழன்றிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகள் மூடும்போது உட்காரும் வளையமான சீட்டைக் கடினப்படுத்தியதாகப் போட்டுவிடுங்கள். 1998 முதல் சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. அந்த ஈயம்தான் அக்கால வார்ப்பிரும்பு சீட்டுகளைக் காத்தது. தாழ்ந்த அழுத்த விகிதம் என்பதால் 92 பெட்ரோலே போதும், 98க்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. கிளட்ச் தட்டு, பின்பக்க ஆயில் சீல், மவுண்ட் ரப்பர் இவற்றையும் இப்போதே மாற்றினால், இன்னொரு முறை எஞ்சினை இறக்கும் கூலி மிச்சம்.

பெர்க்கின்ஸ் பி6 டீசல் எஞ்சின் போட்ட பிரிட்டிஷ் லாரி வைத்திருப்பவர்களுக்கு வழி இன்னும் பக்கம். அந்த எஞ்சினைச் சென்னையில் சிம்ப்சன் நிறுவனம் தயாரித்தது. பெட்ஃபோர்ட் லாரிகளை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. பாகத்தின் எண்ணோடு சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் விசாரிக்க ஓர் ஆள் இருந்தால் போதும், அமெரிக்கா, பிரிட்டன் பக்கம் பார்க்குமுன் அங்கே கேளுங்கள்.

மாட்டி முடித்ததும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டுதான் ஆயில் பம்பைச் சுழற்றுகிறது. அதை எடுத்துவிட்டு நீளத் தண்டு ஒன்றால் பம்பைச் சுழற்றி, ஹெட்டின் மேல் வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் வரை எண்ணெய் ஏறுவதைக் கண்ணால் பாருங்கள். ராக்கருக்கு எண்ணெய் போகும் குழாய் அடைத்துக்கொள்வது இந்த எஞ்சினின் பழைய நோய். கேமும் டாப்பெட்டும் புதிது என்றால் துத்தநாகச் சேர்மம் உள்ள எண்ணெய் ஊற்றி, முதல் 20 நிமிடம் 1,500 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள் ஏற்றி இறக்கி ஓடவிடுங்கள். ஐடிலில் விட்டால் கேமுக்கு எண்ணெய் போதுமான அளவு தெறிக்காது. அந்த எண்ணெயை அப்போதே வடித்துவிடுங்கள். 235இல் ஃபில்டர் இருந்தால்கூட அது எண்ணெயின் ஒரு பகுதியைத்தான் வடிகட்டும். எனவே அடுத்த மாற்றம் 800 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும், அப்போதே ஹெட் போல்ட்களை மீண்டும் இறுக்கி வால்வு இடைவெளியையும் சரிபார்த்துவிடலாம்.